வெண்டி வைரஸுக்கு வம்ச மரம்: அடுக்கிவிட்டு வரைவதா, சேர்த்தே தேடுவதா?

கிளிநொச்சிப் பக்கம் வெண்டி வைத்தவர்களுக்கு இலை நரம்பு மஞ்சளிக்கும் நோயைச் சொல்லித்தரத் தேவையில்லை. வெள்ளை ஈ பரப்பும் பெகோமோவைரஸின் வேலை அது. அதன் மரபணுத் தொடர்களை வைத்து, எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் வம்ச மரம் வரையத் தொடங்கிய தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அண்ணை, மாஃப்ட்டில அடுக்கிப்போட்டு மிஸ்டர்பேயஸுக்குக் குடுத்தாப் போதாதோ? பாலி-ஃபையோட ஏன் மினக்கெடுறியள்?"

மாஃப்ட் தொடர்களை எழுத்துக்கு எழுத்து நேராக அடுக்கும் நிரல். மிஸ்டர்பேயஸ் அந்த அடுக்கிலிருந்து மரம் தேடும் நிரல். பாலி-ஃபை இரண்டையும் சேர்த்தே செய்யும். அவள் சொன்னது பெரும்பாலும் போதும். ஆனால் ஏடிடிஜி (ATTG), ஏடிஜி (ATG) என்ற இரண்டு தொடர்களையும் அடுக்கிப் பாருங்கள். விடுபட்டது முதல் 'டி'யா, இரண்டாவது 'டி'யா? இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான். மாஃப்ட் ஒன்றைத் தேர்ந்து தந்துவிடும். மிஸ்டர்பேயஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். போதாததற்கு எழுத்து விடுபட்ட இடைவெளிகளை 'தரவு இல்லை' என்று ஒதுக்கியும் விடும். அடுக்குவதற்கே உள்ளுக்குள் ஒரு தோராய மரம் பயன்படுகிறது என்பது இன்னொரு வில்லங்கம்.

2008இல் வோங், சுச்சார்ட், ஹுல்சன்பெக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 7 ஈஸ்ட் இனங்களின் 1502 மரபணுக்களை 7 நிரல்களில் அடுக்கிப் பார்த்தார்கள். 46.2 சதவீத மரபணுக்களில், நிரலை மாற்றினால் மரமும் மாறியது.

பாலி-ஃபை அடுக்கையும் மரத்தையும் ஒன்றாகவே மார்க்கோவ் சங்கிலியில், அதாவது அடிக்கு அடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கும் தற்செயல் நடையில், மாதிரி எடுக்கிறது. எழுத்து நுழைவதற்கும் விடுபடுவதற்கும் அதில் தனி மாதிரியமைப்பு உண்டு. ஆகவே எந்த இடத்து அடுக்கு உறுதி, எது ஊகம் என்பதும் தெரியும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு இங்கே பதமில்லை. வெவ்வேறு தொடக்கத்திலிருந்து நாலைந்து சங்கிலிகள் ஓட்டி, எல்லாம் ஒரே இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

விலை நேரம்தான். சில பத்துத் தொடர்களுக்கே நாட்கணக்கில் ஓடும். நூற்றுக்கணக்கில் கொடுத்தால் மடிக்கணினி அழுதுவிடும். மிஸ்டர்பேயஸ் வேகமானது. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் இது சின்ன வசதியல்ல.

அவளுக்குச் சொன்னது இதுதான்: உறைப்புரத மரபணு (வைரஸின் வெளி உறைப் புரதத்துக்கானது) ஏறக்குறைய 770 எழுத்து, இடைவெளி அபூர்வம். மாஃப்ட்டும் மிஸ்டர்பேயஸும் தாராளம். மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில்தான் எழுத்துகள் கண்டபடி கூடிக்குறையும், அதற்குப் பாலி-ஃபை.

இன்னொன்று. பெகோமோவைரஸ்கள் தங்களுக்குள் மரபணுத் துண்டு மாற்றிக்கொள்வதில் பேர்போனவை. இரண்டு நிரலுமே கொடுத்த தொடருக்கு ஒரே மரம்தான் என்று நம்பும். துண்டு மாறியிருக்கிறதா என்பதை முதலில், அதைக் கண்டுபிடிக்கும் ஆர்டிபி (RDP) என்ற நிரலில் போட்டுப் பார்த்துவிட்டு வா என்றேன்.