ஒரு எஃப் ஷார்ப் மட்டும் கத்துகிறது

"உன்னோட பியானோ மாடல் விலை இறங்கியிருக்குடா, வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டான். கேட்ட நேரம்தான் சரியில்லை. முந்தைய நாள் இரவு முழுக்க என் டிஜிட்டல் பியானோவைக் குப்புறப் போட்டு ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தேன். நான்கு வருடம் வாசித்தவன் என்ற முறையில் நியாயமாகத்தான் எழுதப் பார்க்கிறேன். எவ்வளவு தூரம் முடியும் என்று தெரியவில்லை.

88 கட்டை, ஹாமர் ஆக்‌ஷன், எத்தனை குரல் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது, அதை விடுங்கள். நான் பியானோவில் ஆரம்பித்தவன் அல்ல. முதலில் ஒரு மோனோ சின்த் (ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் மின்னணுக் கருவி), அப்புறம் டிரம் மெஷின், அப்புறம் சுரங்களை வரிசையாகப் போட்டால் தானே வாசிக்கும் ஒரு சீக்வென்சர். 16 ஸ்டெப்பில் எட்டு சுரத்தைப் போட்டுவிட்டு ஒலியை மங்கலாக்கித் தெளிவாக்கும் ஃபில்டர் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தால் ஒரு சாயங்காலம் போய்விடும். ஆனால் நான் செய்த எல்லாமே நாலு பாரில் நின்றுவிடும். அடுத்து எந்தச் சுரங்களைச் சேர்த்து அழுத்துவது (chord) என்று கைக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது. புதிதாக ஒரு பெட்டி வாங்கினால் சரியாகிவிடும் என்று மூன்று பெட்டி வாங்கினேன். கடைசியில்தான் பியானோ கற்றுக்கொள்ளலாம் என்று உறைத்தது.

அந்த வகையில் இது ஏமாற்றவில்லை. இடது பக்கம் கட்டைகள் கனம், வலப்பக்கம் போகப் போக லேசு. முதல் மாதம் மோதிர விரலும் சுண்டு விரலும் தனித்தனியாக அசையவே மறுத்தன. ஆறு மாதம் கழித்து பழைய சின்த்தில் கை வைத்தபோது கட்டைகள் காகிதம் மாதிரி இருந்தன.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு: லோக்கல் ஆஃப். அதைப் போட்டால் கட்டைக்கும் உள்ளே இருக்கும் பியானோ ஒலிக்கும் தொடர்பு அறுந்துவிடும். எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் என்று கருவிகள் ஒன்றுக்கொன்று எண்ணாகச் சொல்லிக்கொள்ளும் மொழிதான் மிடி; கட்டைகள் அதை மட்டும் அனுப்பும். பியானோவின் கனத்தோடு அழுத்த, வெளியே சின்த்தின் பாஸ் உறுமும். மெதுவாக அழுத்தினால் ஃபில்டர் மூடியே இருக்கும், ஓங்கினால் திறக்கும் என்று வைத்துக்கொண்டேன். குமிழைத் திருகிச் செய்ததை விரலாலேயே செய்ய முடிந்தது. அன்று சாப்பிடக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

ஆனால் அதிலும் ஒரு வம்பு. திரை கிடையாது. ஃபங்ஷன் பட்டனைப் பிடித்துக்கொண்டு இன்ன கட்டையை அழுத்து என்று கையேடு சொல்லும். அணைத்துப் போட்டால் அதையும் மறந்துவிடும். ஐந்து முனை மிடி சாக்கெட்டும் இல்லை, வெறும் யுஎஸ்பிதான். என் சின்த்திலும் அதே கதை. இரண்டையும் நேராக இணைத்தால் ஒன்றும் நடக்காது, நடுவில் ஒரு கணினியோ அதன் வேலையைச் செய்யும் வேறொரு பெட்டியோ உட்கார வேண்டும். 1983-இல் வந்த மிடியின் அழகே கணினி இல்லாமல் இரண்டு பெட்டிகள் பேசிக்கொள்வதுதான்.

சரி, எஃப் ஷார்ப்புக்கு வருகிறேன்.

மூன்றாவது வருடம் பியானோவின் நடு சி-க்கு மேலே இருக்கும் எஃப் ஷார்ப் என்ற கறுப்புக் கட்டை கத்த ஆரம்பித்தது. எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும் ஓங்கி அறைந்த மாதிரி ஒலி. நான் கற்றுக்கொண்டிருந்ததோ ஜி மேஜர் என்ற சுர வரிசை. அதில் எஃப் ஷார்ப் இல்லாமல் ஒரு வரி நகராது. மெதுவாக (பியானோ), ஓங்கி (ஃபோர்ட்டே) என்ற இரண்டு சொல்லும் சேர்ந்ததுதான் பியானோஃபோர்ட்டே என்ற பெயர். என்னிடம் ஒரு கட்டையில் பாதிப் பெயர்தான் மிச்சம்.

என் விரல்தான் குற்றவாளி என்று இரண்டு மாதம் நம்பினேன். பிறகு கணினியில் மிடி எண்களைப் பார்த்தேன். 65-ஆம் கட்டை: வேகம் 58. 67-ஆம் கட்டை: 61. நடுவில் 66, அதாவது அந்த எஃப் ஷார்ப்: 127. மறுபடியும் 127. அதற்கு மேல் எண்ணே இல்லை.

காரணம் எளிது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பரில் இரண்டு கார்பன் புள்ளிகள். அழுத்தும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது கொஞ்சம் தாமதமாகத் தொடும். அந்த இடைவெளியை வைத்துத்தான் எவ்வளவு வேகமாக அடித்தோம் என்று கணக்கிடுகிறது. முதல் புள்ளியில் தூசி படிந்தால் அது தாமதமாகத் தொடும், இடைவெளி சுருங்கும், ஓங்கி அடித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளும்.

சர்வீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு போர்டையே மாற்ற வேண்டும் என்றார். தூசியாக இருக்குமோ என்று கேட்டேன். பரிதாபமாகப் பார்த்தார். அவர் போன பிறகு நானே திறந்தேன். 37 ஸ்க்ரூ. ரப்பர் பட்டையை உருவியதும் தெரிந்தது: ஒரே ஒரு முடி. போர்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன். கார்பன் புள்ளியைச் சுரண்டக் கூடாது, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பட்டையின் காம்புகளை ஒவ்வொன்றாகத் துளைக்குள் செருகித் திரும்ப உட்கார வைக்கத்தான் நள்ளிரவு தாண்டியது. மூடிய பிறகு தரையில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம்.

உறை போடாமல் ஜன்னலோரம் வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முடியை எடுக்க முழு உடம்பையும் பிரிக்கும்படி செய்தது நான் இல்லையே. நண்பனுக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். "அப்போ உன்னோடதை எனக்குக் கொடுத்துடு" என்றான். அது முடியாது என்றேன். ஏன் என்று கேட்டான். ஜி மேஜர் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது என்றேன்.

நேற்று இரவு மறுபடி எண்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். 66-ஆம் கட்டை: 54, 60, 57. அப்புறம் ஒரே ஒரு முறை 127. நானே ஓங்கி அடித்தேனோ என்னவோ.