இடக்கைக்காரருக்கு ஏற்றதா இந்தச் சதுரங்கக் குறிப்பேடு?

நாகர்கோவில் மணிமேடைக்கு அருகிலுள்ள ஒரு கடையில் 120 ரூபாய்க்கு வாங்கிய, 50 ஆட்டங்களைப் பதியக்கூடிய குறிப்பேட்டை என் மகள் மூன்று மாதங்களாகப் பயன்படுத்துகிறாள். தாள் தரமானது. ஆனால் அவள் இடக்கைக்காரி. சுருள்கம்பி இடப்புறம் இருப்பதால், ஏட்டை மடித்து எழுதும்போது கம்பி உள்ளங்கையின் ஓரத்தை அழுத்துகிறது. வலப்பத்தியில் கறுப்பின் நகர்வை எழுதும் கை, இடப்பத்தியில் சற்றுமுன் எழுதிய வெள்ளையின் நகர்வின் மேல் உரசி மையைக் கலைத்துவிடுகிறது. நகர்வுக்கு நகர்வு பதிய வேண்டும் என்பது விதி என்பதால் மை காயக் காத்திருக்கவும் முடியாது.

ஆட்ட நேரத்தை அளக்கும் கடிகாரத்தின் தொல்லையே போதாதா? காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தையும் அழுத்த வேண்டும் என்கிறது ஃபிடே (பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு) விதி 6.2.3; கடிகாரத்தின் இடத்தைத் தீர்மானிப்பவர் நடுவர். வழக்கம்போல் அது கறுப்பு ஆடுபவரின் வலப்புறம் வைக்கப்பட்டால், வெள்ளை ஆடும்போது அவளுக்கு வசதி. கறுப்பு ஆடும்போதோ இடக்கை உடலைக் குறுக்கே கடந்து செல்ல வேண்டியிருப்பதால், நேர நெருக்கடியில் காய்களைத் தட்டிவிடும் அபாயம் உண்டு.

கடைக்காரர் கனிவாகவே பேசினார். மாற்றித் தர அவரிடம் வேறு வகை இல்லை. பின்னர் மார்த்தாண்டத்தில் 60 ரூபாய்க்குக் கிடைத்த, மேற்புறம் தைக்கப்பட்ட ஏட்டின் தாள் சற்று மெல்லியதுதான். இருப்பினும் பால்பாயிண்ட் பேனாவுடன் அவள் இப்போது அதையே போட்டிகளுக்கு எடுத்துச் செல்கிறாள்.