கட்டுரையா, காப்புரிமையா? பல்கலைக்கழக–தொழில்துறை வலையை எதை வைத்து வரைவது?

ஸ்வீடனில் எந்தப் பல்கலைக்கழகம் எந்த நிறுவனத்தோடு கைகோத்திருக்கிறது என்று வலைப்படம் வரைய இரண்டு தரவுகள் உண்டு: இரு தரப்பும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகள், காப்புரிமைகள். தொழில்துறை என்றாலே காப்புரிமைதானே என்று அதைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும். அங்கேதான் கால் இடறும்.

காப்புரிமையில் விண்ணப்பதாரர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறு. ஸ்வீடனில் 1949 முதல் 'ஆசிரியர் விலக்கு' இருக்கிறது. பேராசிரியர் கண்டுபிடித்தது அவருக்கே சொந்தம், பல்கலைக்கழகத்துக்கு அல்ல. அவர் அதை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால் விண்ணப்பதாரர் இடத்தில் நிறுவனம் மட்டும்தான் நிற்கும். கண்டுபிடிப்பாளர் பெயர்களைப் பேராசிரியர் பட்டியலோடு பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. அதன்படி, ஸ்வீடன் பேராசிரியர்களின் காப்புரிமைகளில் சுமார் 80% நிறுவனங்களின் கையில். பல்கலைக்கழகங்களிடம் சுமார் 5%தான். விண்ணப்பதாரர் பெயரை மட்டும் நம்பி வரைந்தால், உழைத்தவர்களே படத்தில் இருக்க மாட்டார்கள். ஜெர்மனி இதே சலுகையை 2002-ல் நீக்கியது. அதன்பின் அங்கே பல்கலைக்கழகக் கணுக்கள் (படத்தில் ஒவ்வொரு அமைப்பையும் குறிக்கும் புள்ளிகள்) பெருத்தால், கூட்டுறவு வளர்ந்துவிட்டது என்று உடனே எழுதிவிடக் கூடாது. மாறியது சட்டம் மட்டுமாகவும் இருக்கலாம்.

கட்டுரையில் இந்தச் சிக்கல் இல்லை. எழுதியவர் எங்கே வேலை செய்கிறார் என்பது பெயருக்குக் கீழேயே அச்சாகிவிடும். ஆனால் பெயர்களைத் துப்புரவு செய்யும் வேலை முதுகை ஒடிக்கும். 'கேடிஹெச்', 'ராயல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி', 'குங்லிகா டெக்னிஸ்கா ஹோக்ஸ்கோலன்' மூன்றும் ஸ்டாக்ஹோமில் உள்ள ஒரே பல்கலைக்கழகம். வலைப்படம் வரையும் மென்பொருளான விஓஎஸ்வியூவரில் இதற்கென ஒரு கோப்பு தயாரிக்க வேண்டும்: ஒரு நெடுவரிசையில் தரவில் உள்ள பெயர், அடுத்ததில் அதற்குப் பதிலாக வர வேண்டிய பெயர். இதைச் செய்யாவிட்டால் ஒரு கணு மூன்றாக உடையும். பலரை இணைக்கும் பாலமாக நிற்கும் இடம், படத்தில் சாதாரணப் புள்ளியாகிவிடும்.

இன்னொன்று: ஒரே ஆள் நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் பேராசிரியராக இருப்பார். அவர் தனியாக எழுதினாலும் இரண்டு முகவரி, அதனால் ஓர் இணைப்பு. அதையும் கூட்டுறவு என்றுதான் கருதுகிறேன், ஆனால் தனி நிறத்தில் காட்ட வேண்டும். 20 நிறுவனங்கள் சேர்ந்த ஒரே கட்டுரை 190 இணைப்புகளை உண்டாக்கும் என்பதால், ஒரு கட்டுரையின் எடையை அதன் இணைப்புகளுக்கிடையே பங்கிட்டுக் கணக்கிடுவதே நியாயம்.

காப்புரிமைக்கும் ஒரு பலம் உண்டு. கட்டுரையே எழுதாத நிறுவனங்கள் அதில்தான் கண்ணில் படும்.

ஸ்வீடனுக்கு நான் கட்டுரை வலையையே அடித்தளமாக எடுப்பேன். அதன்மேல் கண்டுபிடிப்பாளர் பெயர் பொருத்திய காப்புரிமைகளை இரண்டாம் அடுக்காக வைப்பேன். பெயர் பொருத்த நேரமில்லை என்றால் அந்த இரண்டாம் அடுக்கே வேண்டாம்.