பனி முதலில் உருகும் சரிவு: லாங்கே குன்றுகளில் ஆறு வருட ஓட்டம்

இத்தாலியில் பரோலோ என்ற ஒயின் ஊரில் நான் முதன்முதலாக ஓடியது ஒரு ஜூலை மாதம், காலை பத்து மணிக்கு, கன்னூபி குன்றின் மேல். படத்தைப் பார்த்து மயங்கித் தேர்ந்தெடுத்த பாதை. வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, நடுவே வெளுத்த மண் தடம், பின்னால் கோட்டை. அரை மணி நேரத்தில் கையில் இருந்த தண்ணீர் தீர்ந்தது. ஒதுங்கி நிற்க ஒரு மரம் இல்லை. கம்பம் பக்கம் பந்தல் போட்டு வளர்ப்பது போலத் தலைக்கு மேல் கொடி படர்ந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே கம்பி கட்டி, வேலி மாதிரி நிறுத்தி வைத்திருப்பார்கள். நடுப்பகலில் அதன் நிழல் ஒரு பூனைக்குக்கூடப் போதாது.

முகமெல்லாம் சிவந்துபோய் வீடு திரும்பியபோது கீழ்வீட்டுப் பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருடம் திராட்சை வளர்த்தவர். எங்கே போனேன் என்று கேட்டார், சொன்னேன். "அது நெபியோலோ திராட்சை வேகிற இடம். நீ எதற்கு அங்கே போய் வேகிறாய்?" என்று சிரித்தார்.

இந்த ஆறு வருடத்தில் ஓட்டம் பற்றி எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அதுதான். லாங்கே குன்றுகளில் எந்தச் சரிவில் என்ன நடுவது என்பதை வெயில்தான் தீர்மானிக்கிறது. தெற்கு, தென்கிழக்கு பார்த்த நல்ல சரிவெல்லாம் நெபியோலோவுக்கு. பரோலோவும் பார்பரெஸ்கோவும் அந்த ஒரே திராட்சையிலிருந்து வரும் ஒயின்கள், ஊர்ப் பெயரே ஒயினுக்கும். அதைவிடச் சுமாரான இடங்களில் பார்பெரா, தோல்செத்தோ என்ற வேறு திராட்சைகள். வடக்குச் சரிவில் ஹேசல்நட் தோப்பும் காடும். பனிக்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ நடு என்பது பழைய வழக்கு. அப்படிப்பட்ட சரிவை உள்ளூர்ப் பேச்சில் சோரி என்பார்கள். ஜனவரியில் ஓட அதைப்போல ஒரு இடம் கிடையாது. ஜூலையில் அது அடுப்பு.

தோட்டங்களின் பெயரும் வழி சொல்லும். பிரிக்கோ என்றால் குன்றின் உச்சி. ஆகவே பெயரில் பிரிக்கோ இருந்தால் ஏற்றம் நிச்சயம். ரோக்கே என்றால் பாறை, செங்குத்தாக அரித்துப்போன சரிவு. அங்கே இறங்கும்போது முட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெயர்கள் எல்லாம் பாட்டில் லேபிளிலேயே இருக்கும். கடை அலமாரியைப் பார்த்தே பாதை தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கட்சி. (ஒயினைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு கிளாஸ் குடித்தால் மறுநாள் என் ஓட்டம் போச்சு.)

புதிதாக வருகிறவர்களுக்காக: லாங்கே, வடமேற்கு இத்தாலியில் பியெமோந்தே மாநிலத்தில் இருக்கிறது. ஆல்பாதான் மையம். தூரினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 2014-இல் யுனெஸ்கோ இந்தத் திராட்சை நிலப்பரப்பைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆல்பா சுமார் 170 மீட்டர் உயரத்தில், தானரோ ஆற்றங்கரையில். லா மோர்ரா 500 மீட்டருக்குச் சற்று மேல். எண்ணைப் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் இங்கே ஒரே ஏற்றமாக ஏறிவிட முடியாது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, முதலில் ஏறியதையெல்லாம் தொலைத்துவிட்டு மூன்றாவது முறையாக ஏற வேண்டும். சமதளத்தில் 10 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் முடிக்கும் எனக்கு இங்கே ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததில்லை. முதல் வருடம் வாட்சில் வேகத்தைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தேன். அப்புறம் அந்தத் திரையையே மாற்றி, ஏறிய மீட்டர் மட்டும் தெரியும்படி வைத்துவிட்டேன்.

நான் அதிகம் ஓடியது பரோலோவிலிருந்து லா மோர்ரா போய்வரும் சுற்று. கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். நூறு தடவையாவது ஓடியிருப்பேன். பரோலோ கோட்டையருகே தொடங்கி, செரேக்வியோ, ப்ரூனாத்தே தோட்டங்கள் வழியாக ஏற்றம். முதல் கிலோமீட்டரில் கெண்டைக்கால் கெஞ்சும். அதன்பின் சரிவு சற்றுத் தணியும். அங்கே திடீரென்று சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு குட்டித் தேவாலயம். 1914-இல் தோட்டத் தொழிலாளர்கள் மழைக்கும் ஆலங்கட்டிக்கும் ஒதுங்கக் கட்டியது. பூசை எதுவும் நடந்ததே இல்லை. பாழடைந்து கிடந்ததை 1999-இல் கலைஞர்கள் சோல் லெவிட் வெளியேயும் டேவிட் ட்ரெம்லெட் உள்ளேயும் வண்ணம் தீட்டினார்கள். பகலில் போனால் படமெடுக்க வரிசை நிற்கும். கலை பற்றி எனக்கு அபிப்பிராயம் ஏதுமில்லை. ஆனால் ஒரு ஜூன் மாலை, கொண்டைக்கடலை அளவு ஆலங்கட்டி கொட்ட, நானும் தோட்டத்தில் தழை கிள்ளிக்கொண்டிருந்த இருவரும் அதன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றோம். அவர்கள் வடக்கு மாசிடோனியாக்காரர்கள். இங்கே தோட்ட வேலையில் அந்த ஊர்க்காரர்கள் நிறைய. கட்டி விழ விழ அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை, கொடியைத்தான் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் ஓய்ந்தது. ஓய்ந்ததும் ஒருவர் ஓடிப்போய் ஒரு குலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

லா மோர்ரா உச்சியில் ஒரு பெரிய காட்சி மேடை. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கூடும் இடம், தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புவது நல்லது. இந்த ஊர்களில் குழாயில் 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாது என்று அர்த்தம். அதை மட்டும் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். திரும்பும்போது அன்னுன்சியாத்தா பக்கம் இறங்குவேன். மோன்ஃபல்லெத்தோ மேட்டில் தனியாக ஒரு லெபனான் தேவதாரு நிற்கும். 1856-இல் ஒரு திருமணத் தம்பதி நட்டது. எந்தப் பக்கம் வழி தவறினாலும் கண்ணுக்குத் தெரியும் என்பதால் எனக்கு அது கலங்கரை விளக்கம்.

இதே சுற்றை டிசம்பரில் ஓடிப் பாருங்கள். ஆல்பா பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. நெபியோலோ என்ற பெயரே மூடுபனியைக் குறிக்கும் 'நெபியா'விலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பரோலோவிலிருந்து ஈரத்தில் நனைந்தபடி ஏறினால், ப்ரூனாத்தே தாண்டும் இடத்தில் சட்டென்று தலை வெளியே வந்துவிடும். கீழே வெள்ளைக் கடல், அதில் குன்றுகளின் உச்சி மட்டும் தீவு தீவாக. மேற்கே ஆல்ப்ஸ், அதில் 3,841 மீட்டர் மோன்விசோ தனியாக. சூடு பட்ட கைகளுக்குக் கையுறை வேண்டாம் என்று தோன்றும். கழற்றுவேன். கீழே இறங்கியதும் மறுபடி மாட்டிக்கொள்வேன்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்பு கலந்த நீலச் சாம்பல் களிமண். காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் பசை. மழை விட்ட மறுநாள் தோட்டத்துக்குள் இறங்கினேன், இருபதடியில் ஒவ்வொரு ஷூவும் ஒரு கிலோ. சுரண்டினாலும் அடுத்த அடியில் மறுபடி ஒட்டும். இரண்டாம் வருடம் அப்படி ஒரு நாளில் வழுக்கி மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. ஆழமான பல் வைத்த ஷூ உதவும் என்று வாங்கினேன், பல்லுக்கு நடுவே மண் அடைத்துக்கொண்டு நிலைமை மோசமானது. இடைவெளி விட்டுப் பல் வைத்த ஷூதான் ஓரளவு மண்ணை உதறுகிறது. மழைக்குப் பின் மூன்று நாள் நான் தார்ச்சாலைதான்.

இன்னொன்று. இங்கே கொடி வரிசைகள் பெரும்பாலும் குன்றைச் சுற்றிச் செல்லும், மேலிருந்து கீழாக அல்ல. வரிசை நடுவே ஓட சமமாகத்தான் தெரியும். உண்மையில் ஒரு பக்கம் சாய்ந்த தரை, ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். ஆறு மாதம் ஒரே திசையில் ஓடி இடது இடுப்பைக் கெடுத்துக்கொண்டேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னது, அடுத்த முறை எதிர்த்திசையில் ஓடு என்பதுதான். அவ்வளவு எளிய விஷயம், எனக்குத் தோன்றவில்லை.

பார்பரெஸ்கோ பக்கம் குன்றுகள் தாழ்வு, காலுக்கு இதம். ஆல்பாவிலிருந்தே மேடேறிப் போய்விடலாம், கார் வேண்டாம். முடிவில் ஒரு பழைய கோபுரம், நேர் கீழே தானரோ. அதில் லிஃப்ட் வேறு இருக்கிறது, ஓடி வந்த காலுக்கு அது பெரிய உபகாரம். ட்ரெய்ஸோ வரை போனால் 'ஏழு சகோதரர்கள்' என்று பெயர் வைத்த பெரிய அரிப்புப் பள்ளம், ஓரமாகப் போகும்போது வயிறு கலங்கும். கோடையில் நான் பரோலோவை விட்டுவிட்டு இந்தப் பக்கத்து வடக்குச் சரிவுக் காடுகளுக்கு வந்துவிடுவேன். பரோலோ பக்கத்துச் செர்ரலுங்கா முகடு பார்க்க அழகுதான், ஆனால் பாதி சாலை, அதுவும் வளைவில் வேகமாக வரும் கார்கள். ஒரு தடவை போதும்.

அக்டோபரில் கவனம் தேவை. அறுவடை டிராக்டர்கள், வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் காளான்) சந்தைக்கு வரும் கூட்டம், போதாக்குறைக்கு வேட்டைக்காரர்கள். காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் நாளில் காட்டுக்குள் கறுப்பு டி-ஷர்ட் போட்டு ஓடுவது முட்டாள்தனம். இத்தாலி முழுக்கச் செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்குச் சட்டப்படி தடை. நம் வீட்டில் அந்த நாட்களில் கவிச்சி கிடையாது, இங்கே வேட்டை கிடையாது. காட்டுப் பாதையை அந்த இரண்டு நாளுக்கு ஒதுக்கிவிட்டேன். மே, ஜூனில் வேறு தொல்லை: தாமிரம், கந்தகம் என்று மருந்தடிப்பார்கள். இலை நீலம் பூத்திருந்தால், அல்லது ஸ்ப்ரேயர் சத்தம் கேட்டால், காற்று வரும் திசையைப் பார்த்து விலகிவிடுங்கள்.

வரைபடச் செயலிகளை அப்படியே நம்பாதீர்கள். ஒன்று என்னை நேராக ஒரு பண்ணை வீட்டு முற்றத்துக்குள் கொண்டுபோய் விட்டது. அங்கே சங்கிலி இல்லாத நாய். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட நடைபாதைக் குறிகளைப் பின்பற்றினால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. நாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும், அதுதான் ஒரே வழி.

போட்டியில் ஓட ஆசையிருந்தால் ஒரு எச்சரிக்கை. இத்தாலியில் பதிவுக்கு விளையாட்டு மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். ஓடவைத்து ஈசிஜி, ஊதவைத்து நுரையீரல் சோதனை, சிறுநீர்ச் சோதனை, வருடா வருடம். எரிச்சலாக இருந்தது. மூன்றாம் வருடம் அதில்தான் என் ரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தது, அதற்குமேல் புலம்பவில்லை.

கீழ்வீட்டுப் பெரியவருக்கு இப்போது முட்டி தேய்ந்துவிட்டது, மேடேற முடியவில்லை. பனி கொட்டிய மறுநாள் நான் ஷூவைக் கழற்றும்போது வாசலுக்கு வந்து நிற்பார். "எங்கே உருகியிருக்கிறது?" என்பார். செரேக்வியோவில் மேல் மூன்று வரிசை கறுத்துவிட்டது, கீழே இன்னும் வெள்ளை என்பேன். அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டு, "கன்னூபி?" என்பார் அடுத்து.