டமாஸ்கஸ் என்று சொல்லி விற்கும் மடக்குக்கத்தி – வாங்குமுன் ஒரு நிமிஷம்

போன ஆவணியில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் மடக்குக்கத்தி வாங்கினேன். விலை 1,850 ரூபாய். கடைப் பெயர் வேண்டாம், கேட்காதீர்கள். இந்த வருஷம் குற்றாலச் சீசனுக்குப் போனால் அதே கத்தி மங்குஸ்தான் கடைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. அதைப் பார்த்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

எனக்கு சேரன்மகாதேவி பக்கம் வாழை. சருகு கழிக்க, பூ ஒடிக்க, முட்டுக்கம்பில் தாரைக் கட்டும் கயிறு நறுக்க, நாள் முழுக்கக் கையில் கத்தி வேண்டும். அப்பாவின் பழைய மரப்பிடிக் கத்தி வாய்க்காலில் விழுந்துவிட்டது. கடைக்காரர் இதை எடுத்துக் காட்டினார். அலகு முழுக்கத் தண்ணீரில் அலை ஓடுகிற மாதிரி வரி. "டமாஸ்கஸ் தம்பி, ஆயுசுக்கும் கூர் போவாது" என்றார். அலை வரி ஓடும் பழைய டமாஸ்கஸ் வாளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இரும்பே நம்ம தென்னாட்டு உருக்குதான் என்று எங்கேயோ படித்த பெருமை வேறு எனக்கு. பேரம்கூடப் பேசவில்லை.

இரண்டே வாரத்தில் கூர் போய்விட்டது. ஊர்ப் பட்டறைக்குக் கொண்டு போனேன். ஆசாரி சாணையில் நாலு இழுப்பு இழுத்தார். கல் பட்ட இடத்திலெல்லாம் வரி காணாமல் போய், வெறும் வெள்ளைத் தகடு பல்லைக் காட்டியது. "ஏய்யா, இது கோலம்லா போட்ருக்கான்" என்றார். அந்தப் பழைய வாள் வேறு, இப்போது டமாஸ்கஸ் என்று செய்யும் நிஜமான அலகில் இரண்டு வகை இரும்பை அடுக்கி, காய்ச்சி, ஒன்றாக அடித்திருப்பார்கள். வரி மேலே மட்டும் இருக்காது, அலகின் உள்வரை ஓடும். தேய்த்த இடத்தில் அமிலம் பட்டால் ஓர் இரும்பு கறுக்கும், மற்றது வெளுப்பாகவே நிற்கும், வரி மறுபடி எழும்பி வரும். என்னுடையதில் வரியை மேலாகப் பொறித்திருந்தார்கள், அவ்வளவுதான். கடையில் நிற்கும்போதே அலகின் முதுகைப் பார்த்திருக்கலாம். வரி பக்கவாட்டோடு நின்று, முதுகு மொழுமொழுவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். அலகில் ஸ்டெயின்லெஸ் என்று மட்டும்தான் இருந்தது, என்ன ரகம் என்று ஓர் எழுத்துக் கிடையாது. அதையும் அப்போது யோசிக்கவில்லை.

சரி, வரி போனால் போகட்டும், கத்தியாகவாவது உழைக்குமா என்றால் அதுவும் இல்லை. அலகின் பாதிக்குப் பல் வைத்திருந்தார்கள். கதிர் அறுக்கும் கருக்கரிவாள் மாதிரி கயிற்றுக்கு நல்லது என்று கடையில் சொன்னார்கள். கருக்கரிவாளில் வாய் முழுக்கப் பல் இருக்கும், இழுத்தால் அறுக்கும். இதில் பிடியை ஒட்டிய பாதி பல், நுனிப் பாதி நேர்வாய். அழுத்தி வெட்ட வேண்டிய வேலைக்குக் கைக்குப் பக்கத்து வாய்தானே பலம் கொடுக்கும்? அங்கே பல் இருந்தால் வாழைப்பூக் காம்பு பிய்கிறதே தவிர வெட்டுப்படவில்லை. நேர்வாய் மிஞ்சியது ஒன்றரை இஞ்ச். அந்தப் பல்லை ஆசாரியாலும் தீட்ட முடியவில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் உருண்டை அரம் வைத்து ராவ வேண்டும், "இதுக்கு எவம்யா உக்காந்திருப்பான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பேண்ட் பையில் மாட்டப் பிடியில் வைத்திருந்த கிளிப்பைப் பற்றி என்ன சொல்ல. சாரம் (லுங்கி) உடுத்துகிறவனுக்குக் கிளிப் எதற்கு? இறுக்கிப் பிடித்தால் அது உள்ளங்கையில் பதிந்து மாலைக்குள் கொப்புளம். பிடியின் அடியில் கார்க் கண்ணாடி உடைக்க ஒரு கூர்முனை. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகிறவன் யார் கண்ணாடியை உடைக்கப் போகிறேன்? குனியும்போதெல்லாம் தொடையில் குத்தியதுதான் மிச்சம். கீலில் திருகாணி கிடையாது, அடித்து இறுக்கிய ரிவெட். வாழைக்கறை உள்ளே இறங்கிக் கறுத்து ஒட்டிக்கொண்டால் கழற்றித் துடைக்க வழி இல்லை. அலகு ஆட ஆரம்பித்தால் இறுக்கவும் முடியாது.

ஆனால் உண்மையிலேயே பயப்பட வேண்டியது லாக். லைனர் லாக் என்பார்கள். அலகைத் திறந்ததும் பிடிக்குள் இருக்கும் தகடு ஒன்று நகர்ந்து வந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும். அது நன்றாக ஏறி உட்கார வேண்டும். என் கத்தியில் விளிம்பில் நூல் பிடித்த மாதிரி தொட்டுக்கொண்டிருந்தது. கயிற்று முடிச்சுக்குள் நுனியை விட்டு நெம்பினேன். நெம்பியது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். தகடு வழுக்கி, அலகு அப்படியே மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல், ஒரு டிடி ஊசி, பத்து நாள் சோறு இடது கையால். வாங்குமுன் கத்தியைத் திறந்து, அலகு மடங்கினாலும் படாதபடி விரல்களை விலக்கிப் பிடித்து, அலகின் முதுகை மேஜையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தகடு கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தக் கத்தி வேண்டாம்.

கட்டோடு கடைக்குப் போனேன். "சாணை பிடிச்ச சாமானைத் திருப்ப மாட்டோம்" என்று ஒரே பேச்சு. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டேன். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் "கத்தி – 1". டமாஸ்கஸ் என்ற சொல்லே இல்லை.

அதனால் குற்றாலத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்காரரிடம், "டமாஸ்கஸ்னு பில்லுல எழுதித் தருவியளா அண்ணாச்சி?" என்று கேட்டுப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கத்தியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "மரப்பிடில சாதாக் கத்தி இருக்கு, 120 ரூவா, பாக்கியளா?" என்றார். அதைத்தான் வாங்கினேன்.