பிரீஎக்ளாம்சியாவுக்கு டாப்ளர் ஸ்கேன்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

பிரீஎக்ளாம்சியா என்பது கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் சிக்கல்; டாப்ளர் என்பது ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன். தொப்புள்கொடித் தமனியில், குழந்தையின் இதயம் விரிந்து முடியும் கட்டத்தில் ரத்தம் ஓடாமல் நின்றாலோ, பின்னோக்கிப் போனாலோ நஞ்சுக்கொடி திணறுகிறது என்று அர்த்தம். குறைமாதப் பிரசவம், என்ஐசியூ (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) வாய்ப்பு கூடும். இதைக் கண்டுபிடிப்பதில் டாப்ளர் கெட்டி. ஆனால் அளப்பவர் கைப்பக்குவம் வேண்டும். வால் ஃபில்டரை (மெதுவான அசைவுகளின் சிக்னலை வடிகட்டும் அமைப்பு) ஏற்றி வைத்தால் இருக்கிற ஓட்டமும் திரையில் மறைந்துவிடும். அது 60 ஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. குழந்தையின் தலைமேல் புரோபை (ஸ்கேன் கருவியின் முனை) அழுத்தினால் மூளைத் தமனியின் பிஐ (ரத்த ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் எண்) பொய்யாக உயரும். குழந்தை அசைகிறபோது எடுத்த அலையும் செல்லாது.

ரிப்போர்ட்டில் வெறும் ‘நார்மல்’ போதாது (பல இடங்களில் அவ்வளவுதான் தருகிறார்கள்). பிஐ, வாரத்துக்கேற்ற சென்டைல் (அதே வாரக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் அந்த அளவு எங்கே நிற்கிறது என்பது), சிபிஆர் (மூளைத் தமனியின் பிஐயைத் தொப்புள்கொடித் தமனியின் பிஐயால் வகுத்த எண்) மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 34 வாரத்துக்குப் பிறகு சிக்கல் இருந்தாலும் தொப்புள்கொடித் தமனியின் அளவு பெரும்பாலும் நார்மலாகவே காட்டும்; அங்கே சிபிஆர்தான் கைகொடுக்கும். நஞ்சுக்கொடி திடீரெனப் பிரிவதை மட்டும் இந்த ஸ்கேனை நம்பி முன்கூட்டிச் சொல்ல முடியாது.