ஃபோல்ட்ஸ்கோப்: கடல் தண்ணீர் பார்க்க ஒரு காகித மைக்ரோஸ்கோப்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யோசிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி மனு பிரகாஷ் குழு உருவாக்கியது, நாமே மடித்துச் செய்யணும், 140 மடங்கு பெரிதாகக் காட்டும். தாதர் சௌபாட்டி கடற்கரைத் தண்ணீரை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், பொன்பழுப்பு நிறத்தில், கண்ணாடி ஓட்டுக்குள் வரி வரியாக டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி கிடக்கும், அப்படி ஒரு அழகு! பூமியில் ஒளிச்சேர்க்கையால் உருவாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி கடலிலிருந்து வருகிறது, பெரும்பாலும் இந்த மாதிரி நுண்ணுயிர்களால்தான். மத்தி மீனுக்கும் இதுதான் சாப்பாடு. மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கலாக இருக்கும், அப்புறம் போங்கள். சின்னப் பிள்ளை என்றால் ஃபோகஸ் வைக்க நீங்களும் கூட உட்காரணும்.